முக்கோணத்தை யார் இழுக்கிறார்கள்?

தமிழாசிரியருக்குக் கணித வகுப்பில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சுபாங் ஜெயாவில் மாலையில் தமிழ் படிக்க வரும் படிவம் 1 மாணவன் ஒருவன் கைப்பேசியில் காட்டிய படம்தான் இதை எழுத வைத்தது. ஜியோஜீப்ராவில் வரைந்த முக்கோணம். கோணங்கள் 50, 60, 69 பாகை. "கூட்டினா 179தானே வருது டீச்சர்? 180 இல்லையா?" என்றான்.

கணினி தப்பாக அளக்கவில்லை. உண்மையான அளவுகள் 50.4, 60.3, 69.3. கூட்டினால் சரியாக 180. தசம இடம் வேண்டாம் என்று அமைத்திருந்ததால், ஒவ்வொன்றையும் கிட்டிய முழு எண்ணாகக் காட்டியது. அவ்வளவுதான். ஆனால் அவனிடம் திரையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அதுதான் கவலை.

நமக்குக் கருவிகள் புதிதல்ல. 1999-இல் விவேகப் பள்ளி முன்னோட்டம், 2003-இல் ஆங்கிலத்தில் கணிதம், அறிவியல் வந்தபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, 2020-இல் டெலிமா தளம் என வந்துகொண்டே இருக்கின்றன. நிக்கோலஸ் ஜாக்கிவ் உருவாக்கி 1991-இல் வெளிவந்த ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட்டும், பிறகு மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் ஆஸ்திரியாவில் தொடங்கிய ஜியோஜீப்ராவும் நம் ஆசிரியர்கள் அறிந்தவை. இரண்டின் உயிரும் ஒன்றுதான்: புள்ளியைப் பிடித்து இழுக்கலாம், வடிவம் மாறும், பண்பு மாறாது. என் விமர்சனம் இங்கேதான். பல வகுப்புகளில் இழுப்பவர் ஆசிரியர் மட்டுமே. மாணவர் வேடிக்கை பார்க்கிறார். வெண்பலகைக்குப் பதில் புரொஜெக்டர் வந்ததே தவிர, பாடம் மாறவில்லை.

ஒரே கணினிதான் இருக்கு, நாற்பது மாணவர்கள் என்பீர்கள். நியாயம்தான். அப்போதும் மூன்று காரியம் செய்யலாம். முதலில், எது மாறும், எது மாறாது என்று எல்லாரும் நோட்டில் எழுதட்டும். அடுத்து, ஒரு மாணவர் முன்னே வந்து இழுக்கட்டும். கடைசியாக, "ஏன்?" என்று கேளுங்கள். நூறு முக்கோணங்களை இழுத்துப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணைகோடு ஒன்று வரைந்தால், அடிக்கோணங்களுக்குச் சமமான ஒன்றுவிட்ட கோணங்கள் உச்சிக்கோணத்தின் இரு பக்கமும் வந்து அமரும். மூன்றும் சேர்ந்து நேர்க்கோடு. அதாவது 180 பாகை.

அந்த மாணவனுக்கு இதைத்தான் வரைந்து காட்டினேன். பள்ளியில் அவன் படித்த பெயர் 'சூடுட் செலாங்-செலி'. 'ஒன்றுவிட்ட கோணம்' என்றதும், "ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரியா டீச்சர்?" என்று சிரித்தான். ஆமாம், ஒன்றைத் தாண்டி நிற்பது. தமிழ்ப்பள்ளியில் 'கோணம்' என்று படித்தவன் இடைநிலைப்பள்ளியில் 'சூடுட்' என்கிறான். இரட்டைமொழித் திட்ட வகுப்பு என்றால் 'ஆங்கிள்'. பெயர் மாறும்போது பொருள் நழுவாமல் பிடித்து வைக்க அசையும் படம் உதவும். ஆனால் படத்தைப் பார்த்துப் பேச அவனுக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் வேண்டும். தமிழாசிரியரின் வேலை அதுவே.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: எஸ்.பி.எம். மண்டபத்துக்குள் ஜியோஜீப்ரா வராது. இரண்டாம் தாளில் வழிமுறைக்கும் புள்ளி உண்டு. ஆகவே திரையில் பார்த்ததை அன்றே தாளில், காரணத்தோடு எழுதிப் பாருங்கள். 179 என்று திரை காட்டினாலும், 180 என்று விளக்கத் தெரிந்தவருக்கே கணிதம் கைவசம்.