சந்தைக்குப் போக எந்த ஜெர்மன் செயலி?

ஓசூர் உழவர் சந்தையில் விடிகாலையில் நின்று கேட்டால், ஒரே கத்தரிக்காயின் விலை நாலு மொழியில் காதில் விழும். ‘எவ்ளோ’, ‘எஷ்டு’, ‘எந்த’, ‘கித்னா’ என்று கேட்பவர் மாறிக்கொண்டே இருப்பார். விற்கிறவர் அசராமல் அவரவர் மொழியில் பதில் சொல்வார். இவர்களில் யாரும் பக்கத்து மொழிக்கு இலக்கணம் படித்தவர்கள் இல்லை. முதலில் எண்களைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் கிலோ, அரைக் கிலோ, கட்டு. அதற்கும் அப்புறம்தான் காய்களின் பெயர். ஜெர்மன் சொல்லித்தருவதாகச் சொல்லும் செயலிகளை நான் இந்த வரிசையை வைத்தே சோதித்தேன். பெரும்பாலானவை தலைகீழாகத்தான் தொடங்குகின்றன.

ஓசூரில் ஜெர்மன் எதற்கு என்று கேட்பவர்கள் சிப்காட் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். டிவிஎஸ் மோட்டாரும் பிஎம்டபிள்யூ மோட்டார்ராடும் 2013 ஏப்ரலில் கைகோத்தன. மியூனிக்கில் வடிவமைத்த ஜி 310 ஆர் பைக் ஓசூர் ஆலையில் உருவாகி உலகச் சந்தைக்குப் போனது. பவேரியாவின் ஹெர்ட்ஸோகனௌராஹ் ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் ஷாஃப்லருக்கும் ஓசூரில் ஆலை உண்டு. பயிற்சிக்கு, புது இயந்திரத்தைச் சரிபார்த்து வாங்க, வேலைக்கே என்று ஜெர்மனிக்குப் பெட்டி கட்டுவது இந்த வட்டாரத்தில் புதிதில்லை. போகிறவருக்கு ஆலைக்குள் பெரும்பாலும் ஆங்கிலமே போதும். சாயங்காலம் ரசத்துக்குத் தக்காளி வாங்கப் போகும்போதுதான் வாய் அடைத்துக்கொள்ளும்.

முறையாகப் படிக்க பெங்களூரு இந்திராநகரில் கோதே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. தூரம் சுமார் நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஷிப்ட் முடித்து, அத்திப்பள்ளியும் சில்க் போர்டும் தாண்டி, வகுப்பில் போய் உட்காரத் தனிப் பொறுமை வேண்டும். மிச்சம் இருப்பது கம்பெனி பஸ்ஸும் இயர்போனும். பஸ்ஸில் வாய்விட்டுப் பேசிப் பழக முடியாது, பக்கத்தில் தூங்குகிறவர் முறைப்பார். இதையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்டேன். (செவிலியர் வேலைக்குப் போகிறவர்கள் பொதுவாக பி2 என்ற மொழித் தேர்ச்சி நிலை வரை படித்தாக வேண்டும். அவர்களுக்கு ஆசிரியர் தேவை, செயலிகள் போதாது.)

செயலிகளுக்குப் போகுமுன், ஜெர்மன் வாரச் சந்தையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். விலை எழுதி வைப்பது அங்கே சட்டம். பொருளின் பெயரும் கிலோ விலையும் பலகையில் இருக்கும். அதனால் எல்லாப் பாடத்திலும் வரும் ‘இது என்ன விலை’ என்ற கேள்விக்கு நிஜத்தில் அவ்வளவு வேலை இல்லை. கையெழுத்துதான் கொஞ்சம் படுத்தும். அவர்கள் எழுதும் 1-க்கு நீண்ட கொக்கி இருப்பதால் நம் கண்ணுக்கு 7 போலத் தெரியும்; அசல் 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு போட்டிருப்பார்கள். தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி. காயைத் தொட்டு அமுக்கிப் பார்ப்பது பல கடைகளில் பிடிக்காது, எடுத்துப் போடுவது கடைக்காரர்தான். பேரமும் வழக்கமில்லை.

‘ஐன் ஃபுண்ட் டொமாட்டன், பிட்டெ’ என்று கேட்கிறீர்கள். ஃபுண்ட் என்றால் அங்கே அரைக் கிலோ. இதுவரை எந்தச் செயலியும் கைகொடுக்கும். அதற்குப் பிறகு பேச்சு கடைக்காரர் வசம் போய்விடுகிறது. தராசு முள் கொஞ்சம் கூட நின்றால் ‘டார்ஃப்ஸ் ஐன் பிஸ்ஷென் மேர் சைன்?’ என்பார், கொஞ்சம் கூடப் போகிறது, பரவாயில்லையா என்கிறார். ‘சோன்ஸ்ட் நோஹ் வாஸ்?’ என்றால் வேற ஏதாவது வேணுமா. ‘டாஸ் வேர்ஸ்’ என்றால் அவ்வளவுதான் என்று முடிக்கலாம். பிறகு மொத்தத் தொகையை ஒரே மூச்சில் சொல்வார். சில்லறை சரியாக இருக்கிறதா என்பார். பை வேண்டுமா என்பார். இதற்கு வெறுமனே ‘டாங்கெ’ என்று சொல்லிவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் ‘யா, கெர்னெ’.

நாம் சொல்வது நாலே நாலு துண்டு வாக்கியம். மீதியெல்லாம் கேட்டுப் புரிந்துகொள்ளும் வேலை. அதிலும் எண். நாற்பத்தைந்து ஜெர்மனில் ‘ஃபுன்ஃப்-உண்ட்-ஃபியர்ட்ஸிஷ்’, ஐந்தும் நாற்பதும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் நாற்பது முதலில் வருவதால், நம் மூளை ஐந்தைக் கேட்டதுமே ஐம்பத்துச் சொச்சம் என்று முடிவுகட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு ‘யூரோ’வை விழுங்கிவிட்டு ‘ட்ரை ஃபுன்ஃப்உண்ட்ஃபியர்ட்ஸிஷ்’ என்று அடுக்குவார்கள்: மூன்று யூரோ, நாற்பத்தைந்து சென்ட். ஓசூர் பஜாரில் உருது பேசி வளர்ந்தவர்களுக்கு மட்டும் இங்கே ஒரு வசதி. நாற்பத்தைந்தைக் குறிக்கும் ‘பைந்தாலீஸி’லும் ஐந்துதான் முன்னால், நாற்பது பின்னால். வரிசை அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.

இந்தத் தேவைக்கு என் முதல் தேர்வு ‘டிடபிள்யூ லேர்ன் ஜெர்மன்’. 1953 முதல் இயங்கிவரும் டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பு நிறுவனத்தின் இலவசச் செயலி. அதில் ‘நிக்கோஸ் வேக்’ என்று ஒரு தொடர்கதை, ஏ1 முதல் பி1 வரை. ஸ்பெயினிலிருந்து வந்து இறங்கும் நிக்கோ என்ற இளைஞன் விமான நிலையத்திலேயே பையைத் தொலைத்துவிடுகிறான். அங்கே அறிமுகமாகிறவர்கள் உதவியோடு தங்க இடம், சாப்பாடு, வேலை என்று தேடிப் போகிறான். ஒவ்வொரு பாடமும் குட்டி வீடியோ, அதற்குப் பிறகு பயிற்சிகள். கதை கொஞ்சம் அசட்டுத்தனம்தான். ஆனால் நடிகர்கள் மனிதர்கள் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுகிறார்கள். கடைக்காரரின் பேச்சைக் காது பிடிக்க வேண்டுமானால் இந்தப் பழக்கம்தான் வேண்டும்.

முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. வணக்கம் சொல்வது, எண்கள் இரண்டையும் முடித்துவிட்டு நேரே உணவு, கடைவீதிப் பாடங்களுக்குத் தாவலாம். வீடியோவை எழுத்தைப் பார்க்காமல் ஒருமுறை கேளுங்கள், பிறகு எழுத்தோடு, பிறகு மறுபடி எழுத்தில்லாமல். பஸ்ஸுக்கு இது பொருந்தும், வாய் திறக்க வேண்டியதில்லை. குறை என்றால், விளக்கங்களை ஆங்கிலத்தில் படித்துப் பழகியவர்களுக்கே வேகம் கிடைக்கும். வீடியோ என்பதால் டேட்டாவும் கரையும். வீட்டு வைஃபையில் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

டுவோலிங்கோவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, எல்லோர் போனிலும் அந்தப் பச்சை ஆந்தை இருக்கிறது. லூயிஸ் வான் ஆன், செவெரின் ஹாக்கர் இருவரும் 2011-இல் தொடங்கிய நிறுவனம். ஹாக்கர் ஜெர்மன் பேசும் சுவிட்சர்லாந்துக்காரர். தினமும் படிக்க உட்கார வைப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை, அதற்காகவே ஒரு மாதம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டம் கட்டமாகச் சொற்களைத் தட்டி வாக்கியம் அடுக்குவது ஒரு திறமை, கடைக்காரர் சொன்ன தொகையைக் காதில் வாங்குவது வேறு திறமை. பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டேர், டீ, டாஸ் என்ற மூன்றில் எது என்று அது பிடிக்கும் பிடி பரீட்சைக்குச் சரி. தக்காளி வாங்குகிறவருக்கு எண், அளவு, பெயர் மூன்றும் வந்தால் போதும். டேருக்குப் பதில் டீ என்று மாற்றிச் சொன்னதற்காக யாரும் தக்காளி தராமல் இருக்கப்போவதில்லை. கட்டணப் பதிப்புக்குப் பணம் கட்டும் அளவுக்கு இந்த வேலையில் அதற்குப் பங்கில்லை என்பது என் கணிப்பு.

கோதே இன்ஸ்டிட்யூட்டின் ‘ஷ்டாட் டேர் வோர்ட்டர்’ இலவச விளையாட்டு. படம் பார்த்துச் சொல் பழகலாம். குழந்தைகளுக்குப் பிடிக்கும், குடும்பத்தோடு போகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கி பார்க்க அழுமூஞ்சி, ஆனால் உழைக்கும். டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்ட அட்டை முறை மென்பொருள். மறக்கப்போகும் நேரம் பார்த்து அதே அட்டையை மறுபடி நீட்டும். ஆண்ட்ராய்டில் ஆங்கிட்ராய்டு இலவசம், ஐபோனில் காசு. மற்றவர்கள் செய்துவைத்த அட்டைக்கட்டை இறக்காமல் சொந்தமாகச் செய்வதுதான் பலன். உழவர் சந்தையில் காய்களைப் போட்டோ எடுத்து முன்பக்கம் வைத்தேன். நூல்கோல், முட்டைக்கோஸ், பீன்ஸ், குடமிளகாய் என்று நம் வட்டாரத்தில் விளைவதில் பாதி அங்கேயும் கிடைக்கிறது. நூல்கோலை அவர்கள் கோல்ராபி என்று பச்சையாகவே நறுக்கித் தின்கிறார்கள். எண்களுக்குத் தனிக் கட்டு: முன்பக்கம் ஒலி மட்டும், பின்பக்கம் தொகை. படம் இல்லை, எழுத்து இல்லை. பஸ் ராயக்கோட்டை சாலை திரும்புவதற்குள் சலித்துவிடும், உண்மைதான். ஆனால் விலையைக் கேட்டுப் பிடிக்க நான் பார்த்ததில் இதுவே குறுக்குவழி. முருங்கைக்காய், சுரைக்காய்க்கு அட்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அவை கிடைப்பது ஆசியக் கடைகளில், கல்லாவில் யாழ்ப்பாணத் தமிழே கேட்டாலும் ஆச்சரியமில்லை.

கூகுள் டிரான்ஸ்லேட் 2011 முதல் தமிழை வைத்திருக்கிறது. தமிழ், ஜெர்மன் இரண்டையும் இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கேமராவில் காட்டி, உள்ளே மாட்டுக் கொழுப்போ ஜெலட்டினோ இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல துணை இல்லை. சைவர்களுக்கு இது ஒன்றுக்காகவே வேண்டும். ஆனால் ஒரு கையில் பை, மறு கையில் பணம், பின்னால் வரிசை என்று நிற்கும்போது போனை நீட்டி ‘இதில் பேசுங்கள்’ என்பது நடக்கிற காரியமில்லை. அதை மருந்துக் கடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குரலில் பேசும் ஏஐ செயலிகளையும் சந்தைக்கு இழுத்துப் பார்த்தேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ‘நீ மியூனிக் விக்டுவாலியன்மார்க்ட்டில் காய் விற்கிறாய், நான் வாடிக்கையாளர், ஜெர்மனில் மட்டும் பேசு’ என்று தொடங்கினால் பேச்சு ஓடுகிறது. சிக்கல் என்னவென்றால் இவ்வளவு பொறுமைசாலிக் கடைக்காரரை உலகில் எங்கும் பார்க்க முடியாது. தடுமாறினால் காத்திருக்கும், தப்பாகச் சொன்னால் பாராட்டும். ‘வேகமாகச் சொல், மொத்தத் தொகையை ஒருமுறைக்கு மேல் சொல்லாதே, நான் திருப்பிச் சொல்லும் தொகை தப்பானால் மட்டும் நிறுத்து’ என்று கட்டளை சேர்த்த பிறகுதான் பயிற்சியாக மாறியது.

போகும் ஊரையும் ஏஐ செயலியிடம் சொல்லிவிடுங்கள். காலைச் சிற்றுண்டிக்கு வாங்கும் குட்டி ரொட்டி பாடங்களில் ‘ப்ரோட்ஷென்’. மியூனிக்கில் அது ‘செம்மெல்’, பிஎம்டபிள்யூ பைக் ஆலை இருக்கும் பெர்லின் ஷ்பாண்டாவ் பக்கம் ‘ஷ்ரிப்பெ’. பவேரியாவில் வணக்கம்கூட ‘க்ரூஸ் கோட்’தான். சிறு கடைகளில் ‘நுர் பார்ட்ஸாலுங்’ என்று அட்டை தொங்கினால் ரொக்கம் மட்டும். யுபிஐயில் பழகிய கைக்கு இது கொஞ்சம் வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை சந்தையும் இல்லை, சூப்பர் மார்க்கெட்டும் இல்லை. சனி இரவு போய் இறங்குகிறவருக்குப் பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி. அங்கே விலை கூடுதல், ஆனால் தொகை கல்லாத் திரையில் எழுதியே வரும்.