அப்பர் பார்த்த கயிலை

திருச்சி காட்டூரில் பஸ் பிடித்து, தஞ்சாவூரில் மாறி ஏறினால் கயிலாயம் போய்விடலாம். சிரிக்காதீர்கள். அப்பர் கயிலையைப் பார்த்தது திருவையாற்றில்தான்.

நிஜக் கயிலை திபெத்தில், உச்சியில் பனியோடு 6,638 மீட்டர். அந்த வட்டாரத்தில் பிறந்து சிந்துவும் சட்லெஜும் அரபிக்கடலுக்கும், பிரம்மபுத்ரா வங்கக்கடலுக்கும் பிரிந்து போகின்றன. உச்சிக்கு யாரும் ஏறியதாகப் பதிவில்லை.

12-ம் நூற்றாண்டில் பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் அப்பரை அங்கே அனுப்புகிறார். நடந்து கால் தேய்கிறது, கை தேய்கிறது, மார்பால் ஊர்ந்து, கடைசியில் உருள்கிறார். படிக்கும்போது நமக்கே எலும்பு வலிக்கிறது. சிவன் முனிவராக வந்து தடுக்கிறார். அப்பர் மசியவில்லை. ஒரு குளத்தில் முங்கச் சொல்கிறார் சிவன். முங்கியவர் எழுந்தது திருவையாற்றில்.

இப்போது அப்பரே பாடிய திருவையாற்றுப் பதிகத்தை எடுங்கள். சிகரமில்லை, பனியில்லை. பிடியோடு களிறு, பெட்டையோடு சேவல், குயில், மயில் என்று எல்லாம் ஜோடி ஜோடியாக வருகின்றன. சேவலும் குயிலும் மயிலும் நம் ஊர்ப்பக்கம் தினம் பார்ப்பவை. அவர் முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்க்கிறார்.

கதைக்கு சேக்கிழார், கவிதைக்கு என் ஓட்டு அப்பருக்கு. ஒரே ஒரு சந்தேகம். கால் தேய்ந்த கதை தெரியாமல் படித்தால் அந்தச் சேவல் இவ்வளவு சந்தோஷம் தருமா? இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.