கடலறிவு யாருக்குரியது? தேற்றாத்தீவுக் கரையிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பில் அமைந்த ஊர் தேற்றாத்தீவு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்பது அங்குள்ளோர் வழக்கு. ஞாயிறு எழுவதையும் படுவதையும் கொண்டு நிலத்துக்கே பெயரிட்ட மக்களுக்குத் திசை என்பது ஏட்டிற் கற்ற செய்தியன்று. எனினும் தமிழர் கடலறிவு பற்றி எழுதுவோர் இத்தகைய சொற்களிலிருந்து தொடங்குவதில்லை. சோழர் கடற்படையிலிருந்தே தொடங்குகின்றனர். பழம்பெருமை பேசுவதற்கு அது வாய்ப்பானது. ஆயின் பாய் கட்டியவன் யார், அவன் அறிந்தது யாது என்னும் வினாக்கள் அங்கு எழுவதேயில்லை.

ஏட்டுச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டுவது, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950 இல் வெளியிட்ட 'கப்பல் சாத்திரம்'. மரங்களின் தன்மை, கலத்தின் அளவு ஆகியன பற்றி அது கூறுவன தச்சரின் அனுபவத்திற் பிறந்தவை. அவற்றின் பெறுமதி ஐயத்துக்கிடமற்றது. ஆனால் ஏரா வைப்பதற்குரிய நாளும் அதனால் விளையும் பலாபலனுமே நூலில் மேலோங்கி நிற்கின்றன. முதலிட்டவன் கரையில் நின்று அஞ்சுகிறான். அவ்வச்சத்துக்கு விடையாகவே சோதிடம் இங்கு வந்து புகுந்தது எனலாம். கடலில் நின்றவனுக்கு வேண்டியிருந்த அறிவு வேறு.

அவ்வறிவு சொற்களிலே தங்கியுள்ளது. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்றை மட்டக்களப்பார் கச்சான் என்பர். (கச்சான் என்றதும் நிலக்கடலையை மட்டுமே நினைக்கும் நகரத்து வாசகர் பொறுத்தருள்க.) கிழக்குக் கரையில் இது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது, ஆதலால் கரையோரக் கடல் அமைதியுறும். அதே காற்று மேற்குக் கரையிலே கடலைக் கொந்தளிக்கச் செய்யும். வாடைக்காலத்தில் நிலைமை தலைகீழாகும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் மீனவர் பருவந்தோறும் கிழக்குக்கு இடம்பெயர்ந்தமைக்கு இதுவே அடிப்படை. எனவே இவ்வறிவை ஓர் இனத்தின் தனிச்சொத்தாகக் காட்ட முற்படுவது வரலாற்றுக்கும் பொருந்தாது, காற்றுக்கும் பொருந்தாது.

பொழுதுபோக்குக்காகப் பாய்க்கலம் செலுத்துவோர் மரபுவழிக் கடலறிவை நாடுவது புதியதன்று. 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் அல்பேட் றொபின்சன், வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி'யை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது 1938 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரரைச் சென்றடைந்தது. போய்ச் சேர்ந்தபோது அதன் பெயர் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்', அது உரிமையாளரின் மனைவியின் பெயர். நாம் இதனைப் பெருமிதத்துடனேயே நினைவுகூர்ந்து வருகிறோம். கலத்தை வாங்கியவன் பெயரையும் மாற்றும் உரிமை பெற்றான் என்பதை ஏனோ விமர்சிப்பதில்லை.

இதனோடு டேவிட் லூயிஸ் 1972 இல் வெளியிட்ட நூலை ஒப்பிடுதல் தகும். அவரும் தன்விருப்பாற் கடலோடியவரே. ஆனால் பசிபிக் தீவுகளின் தெவாக்கே, ஹிப்பூர் ஆகியோருடன் பயணஞ்செய்து, விண்மீன்களையும் அலைகளையும் கொண்டு அவர்கள் வழிகண்ட முறையை அவர்தம் பெயர்களாலேயே பதிவு செய்தார். 1976 இல் மௌ பியைலுக் வழிகாட்ட, ஹவாயிலிருந்து தாகித்திக்கு 'ஹொக்குலேயா' சென்றபோது, அறிவுக்குரியவனே வழிகாட்டியாகவும் நின்றான்.

நம் ஆக்க இலக்கியம் இவ்வகையில் ஆய்வினை முந்திக்கொண்டது. செங்கை ஆழியான் 1973 இலேயே 'வாடைக்காற்று' என்று தம் நாவலுக்குப் பெயரிட்டார். நாட்டாரியல் ஆய்வாளரோ மட்டக்களப்பின் கூத்தையும் கவியையும் தொகுத்த அளவுக்கு, தோணியின் உறுப்புப் பெயர்களையும் முகத்துவாரத்து நீரோட்டம் பற்றிய வழக்குகளையும் தொகுக்க முனையவில்லை. பாட்டை இலக்கியமென ஏற்றவர்கள் தொழிலை அறிவென ஏற்கத் தயங்கினர். தேற்றாத்தீவின் முதிய மீனவரிடம் செல்லும் மாணவர், பாடல் கேட்பதற்கு முன்னர் கச்சான் எப்போது திரும்புமென்று கேட்கட்டும். விடையைச் சொன்னவரின் ஒப்புதலோடு அவர் பெயரையும் குறித்துக்கொள்ளட்டும்.