முந்தி வரும் பழத்தின் கணக்கு

பிப்ரவரிக் குளிரில் ஜெர்மன் கடைகளில் விற்கும் ஸ்ட்ராபெரி ஸ்பெயினின் வெல்வா மாகாணத்திலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்நாட்டு ஸ்ட்ராபெரியில் 90 சதவீதத்துக்கு மேல் விளைவது, அட்லாண்டிக் கரையோரத்து அந்த மணற்பூமியில்தான். வடக்கே குளிர்ந்த மேட்டுநிலத்தில் வளர்த்த நாற்றுகளை அக்டோபரில் நடுகிறார்கள். பாத்தியின் மேல் கறுப்பு பிளாஸ்டிக் மூடாக்கு, அதனடியில் சொட்டுநீர்க் குழாய், தலைக்கு மேலே இரும்பு வளைவுகளில் இழுத்துக் கட்டிய பாலிதீன். ஜனவரியிலேயே பறிப்பு தொடங்கிவிடுகிறது.

இந்தச் சுரங்கக் குடில் வெப்பத்தைப் பூட்டி வைக்கிறது என்பது பாதி உண்மைதான். பகலில் உள்ளே சூடு ஏறும். ஆனால் மண் வெளியிடும் வெப்பக் கதிர்களைச் சாதாரண பாலிதீன் பெருமளவு வெளியே விட்டுவிடும். மேகமில்லா இரவில் ஒற்றைத் தாள் தரும் பாதுகாப்பு சொற்பம். வெல்வாவின் முன்விளைச்சலில் பாதிப் புகழ் அதன் மிதமான கடலோரக் குளிர்காலத்துக்கே சேர வேண்டும்.

குடிலின் நிஜமான பலம் குடையாக இருப்பதுதான். பூவும் காயும் நனைந்தால் சாம்பல் நிறப் பூஞ்சண அழுகல் பிடிக்கும். நனையாவிட்டால் பூஞ்சைக்கொல்லித் தெளிப்பு குறையும், மழைநாளிலும் பழம் பறிக்கலாம். கோடையிலும் மழை பெய்யும் இங்கிலாந்தில், சில வாரங்களில் முடிந்துவிட்ட பருவம் பல மாதங்களுக்கு நீண்டதில் இந்தக் குடைக்குப் பெரும் பங்கு உண்டு. உலர்ந்த நிழலில் வெண்பொடி நோயும் சிலந்திப்பேனும் பெருகும். பக்கங்களைச் சுருட்டிவிடாவிட்டால் தேனீ நுழையாமல் பழம் கோணலாகும். இவை கவனமான விவசாயி சமாளிக்கக்கூடிய குறைகள்.

தண்ணீர்க் கணக்கு அப்படியல்ல. வெல்வாவில் மழை பெய்வதே குளிர்காலத்தில். சரியாக அந்த மாதங்களில்தான் தாள் மழையைத் தடுத்து ஓரமாக வழியவிடுகிறது. அடியில் செடி சொட்டுநீரை நம்பி நிற்கிறது. பல தோட்டங்களில் அந்த நீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. அனுமதியில்லாத கிணறுகளும் ஏராளம். பக்கத்திலேயே தோன்யானா ஈரநிலம். அங்கே நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்படுவதைத் தடுக்கத் தவறியதற்காக, 2021இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு கோடையில் தோன்யானாவின் மிகப்பெரிய நிரந்தர ஏரியான சாந்தா ஒலாயா வறண்டது. வறட்சிக்கும் அதில் பங்குண்டு என்றாலும், வறட்சியைத் தாங்கவேண்டிய நிலத்தடி இருப்பைத்தான் ஏற்கெனவே இறைத்துவிட்டோமே.

இவ்வளவும் கொடுத்து வாங்குவது சில வாரங்களின் முந்தல். முதலில் வரும் பழத்துக்குத்தான் நல்ல விலை. எல்லோரும் மூடியபின் எல்லோர் பழமும் ஒன்றாகவே முந்துகிறது. வசந்தத்தில் விலை சரிய, கடைசிப் பறிப்புகள் கூழாலைக்குப் போகின்றன. சரியும் விலையின் அழுத்தம் கூலியில் போய் இறங்குகிறது. 2020இல் அப்பகுதியின் புலம்பெயர் தொழிலாளர் குடியிருப்பைப் பார்த்த ஐ.நா. வறுமைச் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அதன் நிலையைக் கடுமையாகக் கண்டித்தார். அங்கே பல குடிசைகளுக்குக் கூரை, தோட்டங்கள் கழித்துப்போட்ட அதே பாலிதீன்.

மழைக்கு மூடுவதை நான் ஏற்கிறேன். முந்துவதற்காக மூடுவதை, அதுவும் வற்றும் நிலத்தின் மேல், ஏற்க முடியவில்லை. 2023இல் ஸ்பெயின் அரசும், வெல்வா அடங்கிய ஆந்தலூசிய மாநில அரசும் தோன்யானாவைச் சுற்றிய பகுதிக்கென 140 கோடி யூரோ அளவில் உடன்பாடு கண்டன. பயிரிடுவதைக் கைவிடும் விவசாயிகளுக்கான உதவித்தொகையும் அதில் அடங்கும். பிப்ரவரிப் பழப்பெட்டியின் விலையில் இந்தத் தொகை சேரவில்லை.