கைதடியின் விழா நாள்கள்

2013 ஒக்டோபர் 25ஆம் திகதி கைதடியில், ஏ9 வீதியோரம் புதிதாகக் கட்டி முடித்த மண்டபத்தில் வடக்கு மாகாண சபை முதல் தடவையாகக் கூடியது. சட்டம் இயற்றும் நாளாக அது இருக்கவில்லை. சி.வி.கே. சிவஞானம் தவிசாளராகவும், முல்லைத்தீவைச் சேர்ந்த அன்ரனி ஜெயநாதன் பிரதித் தவிசாளராகவும் தெரிவானார்கள். அதன்பின் வாழ்த்துரைகள், ஏற்புரைகள். ஐந்து ஆண்டு கழித்து, 2018 ஒக்டோபரில், அதே மண்டபத்தில் பிரியாவிடை உரைகள் நடந்தன. இரண்டு விழாவுக்கும் இடைப்பட்ட காலத்தில் சபை என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்று யாழ்ப்பாணத்தில் வேண்டிய மட்டும் பேசியாயிற்று. விழா நாள்களைப் பற்றி எவரும் அக்கறையாகப் பேசவில்லை. "அது வெறும் சடங்கு" என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தச் சடங்கைக் கவனித்துப் பார்த்திருந்தால் சபையின் பலமும் பலவீனமும் முதல் நாளிலேயே தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் சடங்குக்காக வாதாடுகிறேன். நல்லூரில் வாழ்கிறவர்களுக்குச் சடங்கின் வலிமையை எவரும் விளக்கத் தேவையில்லை. 1619இல் போர்த்துக்கேயர் சங்கிலியனைப் பிடித்துக் கொண்டுபோனதோடு இங்கிருந்த அரசு முடிந்தது. பழைய கோயிலும் இடிக்கப்பட்டது. ஆனாலும் கந்தசுவாமி கோயிலில் கட்டியம் கூறும்போது புவனேகபாகுவின் பெயர் இன்றும் ஒலிக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில், கோட்டை அரசனுக்காக யாழ்ப்பாணத்தை வென்று ஆண்ட செண்பகப் பெருமாளே அந்தப் புவனேகபாகு என்பது பரவலான கருத்து. அரண்மனை இல்லை, படை இல்லை, வாரிசும் இல்லை. ஒரு பெயரை ஒரே ஒழுங்கில் சொல்லிவந்ததால் அது ஐந்நூறு ஆண்டைத் தாண்டி நிற்கிறது. ஏடுகள் அழிந்த மண்ணில் ஞாபகத்தைச் சடங்கு சுமந்தது. அதிகாரம் இல்லாதவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கைதடியின் முதல் நாளுக்கும் இந்த வகைப் பெறுமதி உண்டு. 1987 யூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு நவம்பரில் அரசமைப்பின் 13ஆம் திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் வந்தன. மறு ஆண்டு இணைந்த வடக்கு கிழக்குக்குத் தேர்தல் நடந்தபோது வடக்கின் ஆசனங்கள் போட்டியின்றியே நிரப்பப்பட்டன. இங்கு எவரும் வாக்களிக்கவில்லை. 1990க்குப் பிறகு சபையே இல்லை. 2006இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இணைப்பும் போனது. ஆகவே 2013 செப்டெம்பர் 21 அன்றுதான் வடக்கின் மக்கள் தங்களுக்கென ஒரு மாகாண சபையை வாக்களித்துத் தெரிவுசெய்தார்கள். 38 ஆசனங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு, 7 ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணிக்கு, 1 முஸ்லிம் காங்கிரசுக்கு. முதலமைச்சராக வந்த விக்னேஸ்வரனுக்கு 132,255 விருப்பு வாக்குகள். காணாமலாக்கப்பட்ட கணவரைத் தேடிக்கொண்டிருந்த அனந்தி சசிதரனுக்கு 87,870. போர் முடிந்து நான்கே ஆண்டு. வீட்டுக்கு வீடு இழப்பு இருந்த சனம் அனுப்பிய பிரதிநிதிகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தங்கள் மொழியில் பேசி, அந்தப் பேச்சு சபையின் பதிவேட்டில் ஏறிய நாள் அது. அன்று அங்கே மாலை போட்டதையும் வாழ்த்துப் படித்ததையும் ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு பலமும் உண்டு. 30 பேர் ஒரு பக்கம், 8 பேர் மறுபக்கம் இருக்கும் சபையில் சிறுபான்மைக்கு முறைப்படி இடம் கிடைப்பது பெரும்பாலும் விழா நாளில்தான். தவிசாளரை வரவேற்று எதிர்க்கட்சி பேசுகிறது. "எங்களுக்கும் நேரம் தாருங்கள்" என்று வெளிப்படையாகக் கேட்கிறது. தவிசாளர் சபையின் முன்னே வாக்குத் தருகிறார். பிறகு அந்த வாக்கை நினைவூட்டும் உரிமை எதிர்க்கட்சிக்கு வந்துவிடுகிறது. அனுதாபப் பிரேரணையும் அப்படியே. மாற்றுக் கட்சிக்காரரின் மறைவுக்கு எல்லோரும் எழுந்து நிற்பது அரசியல் பகையைக் கொஞ்ச நேரமாவது அடக்கிவைக்கிறது. கருத்து வேற்றுமைக்குத் துப்பாக்கியால் பதில் சொன்ன காலத்தைக் கடந்து வந்த சமூகத்துக்கு இந்தப் பழக்கம் மிக அவசியமானது.

சத்தியப்பிரமாணத்தைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும். விழாவின் மற்ற உறுப்புகளைப் போன்றதல்ல அது. 1983 ஓகஸ்டில் கொண்டுவந்த 6ஆம் திருத்தம், தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்ற உறுதிமொழியைக் கட்டாயமாக்கியது. அதை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற ஆசனங்களை இழந்தார்கள். ஆகவே வடக்கில் ஒருவர் சத்தியம் செய்யும்போது ஒரு வரலாறும் கூடவே எழுந்து நிற்கிறது. 2013 ஒக்டோபர் 7ஆம் திகதி விக்னேஸ்வரன் கொழும்பு அலரி மாளிகையில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச முன்னிலையில் பதவியேற்றார். நல்லிணக்கச் சைகை என்றார்கள் சிலர். வாக்களித்தவர்களை அவமதித்த செயல் என்றார்கள் வேறு சிலர். நான்கு நாள் கழித்து யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தில் நடந்த பதவியேற்பைக் கூட்டமைப்புக்குள்ளேயே ஒரு பகுதி உறுப்பினர்கள் புறக்கணித்தார்கள். உறுப்பினர் சிவாஜிலிங்கம் போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலுக்குப் போய் அங்கே சத்தியம் செய்தார். வாசகம் எல்லோருக்கும் ஒன்றுதான், சட்டத்தின் முன் விளைவும் ஒன்றுதான். யார் முன்னால், எந்த மண்ணில் நின்று சொல்வது என்பதில் மட்டும் ஒரு கட்சி பிளந்து நின்றது. சபை கூடுமுன்பே, கொழும்போடு உறவா, மக்களின் வலிக்குச் சாட்சியா என்ற கேள்வியைச் சடங்கு எழுப்பிவிட்டது. அடுத்த ஐந்து ஆண்டும் சபை அந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டே இருந்தது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது குறை மேடை ஒழுங்கிலேயே இருக்கிறது. விழாவின் தலைமை விருந்தினர் யார் என்று பார்த்தால், அதிகாரம் யாரிடம் என்பது தெரியும். மாகாண ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. சபை நிறைவேற்றும் நியதிச்சட்டம் அந்த ஆளுநரின் சம்மதம் பெற வேண்டும். நிதி சார்ந்த நியதிச்சட்டத்தை அவர் பரிந்துரை இல்லாமல் சபையில் முன்வைக்கவே முடியாது. அன்று ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜி.ஏ. சந்திரசிறி. சிவில் ஆளுநர் ஒருவர் வேண்டும் என்று முதலமைச்சர் தொடக்கத்திலிருந்தே கேட்டார். பதிலாக, 2014 யூலையில் சந்திரசிறியின் பதவிக்காலமே நீடிக்கப்பட்டது. 2015இல் ஆட்சி மாறிய பிறகுதான் சிவில் ஆளுநராகப் பலிஹக்கார வந்தார். இந்த உறவை விழா நாள் மரியாதை வார்த்தைகளால் மூடிவிடுகிறது. "கௌரவ ஆளுநர் அவர்களே" என்று தொடங்கும் உரை, அந்த ஆளுநர் கையெழுத்துக்காக எது காத்துக் கிடக்கிறது என்பதைச் சொல்லாமலே முடிகிறது.

இங்கே பிரித்தானிய நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரைப் பார்க்கலாம். நாம் செங்கோலையும் நாற்காலியையும் எழுந்து நிற்கும் முறையையும் எடுத்தது அங்கிருந்துதானே. இலங்கை நாடாளுமன்றத்தின் செங்கோலே 1949இல் பிரித்தானிய மக்கள் சபை தந்த பரிசு. ஆனால் அங்கே தொடக்க நாளில் இன்னொரு சடங்கும் உண்டு. மன்னரின் தூதுவர் உறுப்பினர்களை அழைக்க வரும்போது மக்கள் சபையின் கதவை அவர் முகத்துக்கு நேரே அடித்துச் சாத்துவார்கள். அவர் தட்டிய பிறகுதான் திறப்பார்கள். 1642இல் முதலாம் சார்ள்ஸ் மன்னர் ஐந்து உறுப்பினரைக் கைதுசெய்ய ஆயுதக் காவலோடு சபைக்குள் நுழைந்ததை அவர்கள் மறக்கவில்லை. பிறகு மன்னர் உரையைப் பற்றி விவாதிக்குமுன், ஒருபோதும் நிறைவேறப்போகாத ஒரு சட்டமூலத்தை முதலில் வாசிப்பார்கள். மன்னர் சொன்ன வேலைக்கு முன்னதாக எங்கள் வேலையை எடுக்க எங்களுக்கு உரிமை உண்டு என்பதே அதன் பொருள். இரண்டும் வெறும் சடங்குகள்தான். ஆனாலும் சபைக்கும் அதற்கு மேலிருக்கும் அதிகாரத்துக்கும் இடையில் கோடு எங்கே என்பதை ஒவ்வொரு தொடக்க நாளிலும் நினைவூட்டுகின்றன. கைதடிக்குச் செங்கோல் வந்தது; அந்தக் கதவு வரவில்லை.

கோடு மங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுச் சட்டசபை அண்மைய உதாரணம். ஆண்டின் முதல் கூட்டத்தில் ஆளுநர் உரையாற்றுவது இந்திய அரசமைப்பின் 176ஆம் உறுப்புப்படி. அமைச்சரவை எழுதியதை ஆளுநர் வாசிப்பது மரபு. 2023 ஜனவரியில் ஆளுநர் ஆர்.என். ரவி சில பகுதிகளை விட்டு வாசித்தார். முதலமைச்சர் ஸ்டாலின், அச்சிட்ட உரையே பதிவேறும் என்று அங்கேயே தீர்மானம் கொண்டுவந்தார். ஆளுநர் தேசிய கீதம் இசைக்குமுன்னே வெளியேறினார். 2024இலும் 2025இலும் இதே தொடக்க நாளில் மறுபடி மோதல். தேசிய கீதம் எப்போது, தமிழ்த்தாய் வாழ்த்து எப்போது என்று தொலைக்காட்சிகள் நாள் முழுக்க விவாதித்தன. எனக்கு அந்த 2023 தீர்மானம்தான் முக்கியமாகத் தெரிகிறது. சடங்கு உடைந்த அந்தக் கணத்தில், பதிவேடு எங்களுடையது என்று சபை உறுதியாகச் சொன்னது. அப்படிச் சொல்லக் கைதடிக்கு ஐந்து ஆண்டில் பல சந்தர்ப்பங்கள் இருந்தன.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. விழா நாளின் மொழி வேலை நாளுக்குள்ளும் புகுந்துவிட்டது. கோரி, கண்டித்து, வலியுறுத்தி, பாராட்டி, அஞ்சலி செலுத்தி நிறைவேறிய தீர்மானங்கள் நூற்றுக்கணக்கில். நியதிச்சட்டங்களோ அவற்றோடு வைத்துப் பார்த்தால் மிகச் சில. ஆளுநரும் கொழும்பும் போட்ட முட்டுக்கட்டைகள் உண்மை. அதை மறுப்பவர் நியாயமாகப் பேசவில்லை. ஆனால் தீர்மானம் என்பது எழுந்து பேசி, ஒருமனதாகக் கைதட்டி, மறுநாள் பத்திரிகையில் பார்க்கும் விஷயம். நியதிச்சட்டம் என்பது வரைஞரைத் தேடி, வாசகம் வாசகமாகச் சண்டை பிடித்து, திருப்பி அனுப்பினால் மறுபடி நிறைவேற்றி, நீதிமன்றம் வரை கொண்டுபோகும் விஷயம். முதலாவதின் சுகத்துக்குப் பழகிய சபைக்கு இரண்டாவதின் களைப்பைத் தாங்கும் பொறுமை குறைந்துபோயிற்று.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன். 2015 பெப்ரவரி 10ஆம் திகதி முதலமைச்சர் கொண்டுவந்து சபை ஏகமனதாக ஏற்ற இனப்படுகொலைத் தீர்மானம், சட்ட வலு ஏதும் இல்லாத ஒன்று. ஆனால் அது சம்பவங்களையும் சட்ட நியாயங்களையும் அடுக்கி, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதியரசரான முதலமைச்சரின் கையால் எழுதப்பட்டது. தெரிவுசெய்யப்பட்ட சபை ஒன்றின் சாட்சியமாக அது உலக அரங்குகளில் எடுத்துக்காட்டப்பட்டது. அன்றும் சபை சடங்கையே செய்தது, உழைத்துச் செய்தது. மற்றத் தீர்மானங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை.

மூன்றாவது குறையை நல்லூர் கண்ணாலே கண்டது. 2017 யூன் 14ஆம் திகதி இரண்டு அமைச்சர்களைப் பதவி விலகும்படி விக்னேஸ்வரன் சபையில் கேட்டார். அன்றிரவே அவருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையோடு உறுப்பினர்கள் ஆளுநர் ரெஜினோல்ட் குரேயிடம் போனார்கள். இரண்டு நாளில் கடைகள் பூட்டப்பட்டன. கோயில் முன்றலில் திரண்ட சனம் கோவில் வீதியில் இருந்த முதலமைச்சரின் வாசஸ்தலம் வரை நடந்தது. பிறகு சமரசம், பிரேரணை மீளப்பெறல். ஒரு மாகாண அரசின் ஆகப் பெரிய நெருக்கடி ஆளுநர் அலுவலகத்திலும் தெருவிலும் தீர்ந்தது. தவிசாளர் முன், செங்கோல் முன், பதிவேடு முன் அந்தப் பிரேரணை வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. வாழ்த்தவும் வழியனுப்பவும் நாள் ஒதுக்கத் தெரிந்த சபைக்குக் கணக்கொப்புவிக்க நாள் ஒதுக்கத் தெரியவில்லை. 2018இன் பிரியாவிடை அமர்விலும் நன்றியும் மனக்குறையும் பேசப்பட்டன. இத்தனை தீர்மானங்கள் யாருக்கு அனுப்பப்பட்டன, எவற்றுக்குப் பதில் வந்தது என்ற பட்டியலை மக்கள் கையில் எவரும் தரவில்லை. அடுத்த நாளே நல்லூரில் விக்னேஸ்வரன் புதிய கட்சியை அறிவித்தார். சபையைப் பற்றிய பேச்சு அத்தோடு கட்சிப் பேச்சாக மாறிவிட்டது.

ஆகவே விழா நாள் வேண்டாம் என்பது என் முடிவு அல்ல. இன்னும் கூர்மையான விழா நாள் வேண்டும். தொடக்க அமர்வில் கட்சிக்கு ஒரு வாழ்த்துரை போதும். மற்றவர்களின் உரைகளை எழுத்தில் பெற்றுப் பதிவேட்டில் சேர்க்கலாம். மிஞ்சும் நேரத்தில், அன்றே, சபை தன் சொந்த நியதிச்சட்ட வரைவு ஒன்றை முதல் வாசிப்புக்கு எடுக்க வேண்டும், அது சின்னஞ்சிறியதாக இருந்தாலும். ஆண்டு நிறைவு நாளில் முதலமைச்சர் எழுந்து, நிறைவேறியவை, ஆளுநரிடம் கிடப்பவை, திருப்பி அனுப்பப்பட்டவை எல்லாவற்றையும் திகதியோடு வாசிக்க வேண்டும். அன்று முதல் பேச்சு எதிர்க்கட்சியுடையதாக இருக்கட்டும்.

இப்போது சபையே இல்லாதபோது இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கையை நாடாளுமன்றம் ஓர் ஆதரவு வாக்குக்கூட இல்லாமல் தோற்கடித்தது. அன்று தொடங்கிய முடக்கத்தில் ஆளுநர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து வடக்கை நிருவகித்தார்கள். அடிக்கல் நாட்டுவதும் நாடா வெட்டுவதும் நிற்கவில்லை. கேள்வி கேட்கும் அவை மட்டும் இல்லாமல் போயிற்று. இதனால்தான் இப்போதே பேச வேண்டும் என்கிறேன். சபையின் நடைமுறை விதிகளை ஆக்கும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சபைக்குத் தரப்பட்டிருக்கிறது. நான் மேலே சொன்னவற்றைச் செய்ய அரசமைப்பைத் திருத்தத் தேவையில்லை. மாகாண சபைத் தேர்தல் என்று வந்து, வேட்பாளர்கள் நல்லூர் வீதிகளில் வாக்குக் கேட்டு நடக்கும்போது, முதல் அமர்வில் என்ன செய்வீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். எழுத்தில் வாங்கி வையுங்கள்.