கோக்கோ இல்லாத சாக்லேட்

லயன் ஸ்டவுட்டை அவசரமாகக் குடிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. இலங்கைச் சரக்கான கறுப்பு பீர் அது, 8.8 சதவீதம் ஆல்கஹால். ஐஸ் குளிரில் குடித்தால் கசப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். பாட்டிலை வெளியே எடுத்து, குளிர் சற்று விட்டபின் ஊற்ற வேண்டும். பழுப்பு நுரை அடங்கியதும் கருப்பட்டி வாசம் எழும். பிறகு உலர்ந்த திராட்சையின் இனிப்பு. விழுங்கி வெகுநேரம் ஆகியும் தொண்டையில் கறுப்புச் சாக்லேட். பீரைப் பற்றி எழுதியே பேர் வாங்கிய இங்கிலாந்துக்காரர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல, வேறொருவர்) இதைக் கொண்டாடி எழுதியபோது அந்தச் சாக்லேட்டைச் சொல்லாமல் விடவில்லை.

அதில் கோக்கோ ஒரு சிட்டிகையும் கிடையாது. எல்லாம் பார்லியின் வேலை. முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுழலும் உருளையில் வறுக்கிறார்கள். காப்பிக்கொட்டை வறுக்கும் கடை வாசலில் நின்றவர்களுக்கு இதில் பாதி புரிந்துவிடும்: முன்னால் இறக்கினால் ரொட்டி மணம், பின்னால் இறக்கினால் கரி. இடையில் கொஞ்ச நேரம்தான் சாக்லேட். இந்த உருளைக்கு இங்கிலாந்தில் டேனியல் வீலர் காப்புரிமை வாங்கியது 1817-இல். அதற்கு முன் பீர் கறுக்க வேண்டுமென்றால் பழுப்பு மால்ட்டை நிறையச் சேர்க்க வேண்டும். அதில் கிடைக்கும் சர்க்கரை குறைந்துபோகும். வீலருக்குப் பிறகு போதைக்கு வெளிர் மால்ட், நிறத்துக்கும் ருசிக்கும் ஒரு கை கறுப்பு என்றாகிவிட்டது.

அந்த 'ஒரு கை'யில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. லண்டனில் என் அத்தை மகன் லயன் ஸ்டவுட்டை மனதில் வைத்து வீட்டிலேயே காய்ச்சுகிறான். சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச பிரிட்டனில் 1963 முதல் உரிமம் வேண்டாம். 20 லிட்டருக்கு ஏழெட்டு கிலோ வெளிர் மால்ட், சாக்லேட் பதத்துக்கு வறுத்த 'சாக்லேட் மால்ட்' 400 கிராம். நொறுக்கிய மால்ட் 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறும். சூடு நாலைந்து டிகிரி இறங்கிவிட்டால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரைதான் அதிகம் கிடைக்கும். ஸ்டவுட் தண்ணீராக இளைத்துவிடும். வடித்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து 20 டிகிரிக்குள் வைக்கிறான். கோக்கோ தூளைக் கிட்டவே சேர்ப்பதில்லை. யங்ஸ் டபுள் சாக்லேட் ஸ்டவுட்டில் நிஜச் சாக்லேட்டே உண்டு. குடிக்கச் சுகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் வறுவலில் பிறந்த சாக்லேட்டின் கடைசியில் வரும் அந்தத் தீய்ந்த கசப்புதான் என்னை அடுத்த மடக்குக்கு இழுப்பது.

இங்கே அம்பத்தூரில் வீட்டில் காய்ச்சுவது நடக்காது. 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் விடாது. அது விட்டாலும் வெயில் விடாது. சித்திரை வெக்கையில் ஈஸ்ட் பேயாட்டம் ஆடி, நகப்பூச்சு நெடியைக் கிளப்பிவிடும். குளிர்சாதனம் வருமுன் பீர் ஆலைகள் மலையேறியதற்கு இதுவும் ஒரு காரணம். லயனின் தாய்வீடான சிலோன் புருவரி 1881 முதல் நுவரெலியாவில், 1,800 மீட்டருக்கும் மேலே இருந்தது. நம் பக்கத்தில் நீலகிரி. அங்கிருந்த ஆலையையும் தெற்கத்தி ஆலைகள் வேறு சிலவற்றையும் சேர்த்துத்தான் 1915-இல் தாமஸ் லீஷ்மன் யுனைடெட் புருவரீஸைத் தொடங்கினார். பிறகு குளிரை இயந்திரம் தர ஆரம்பித்ததும் மலைக்கு வேலையில்லாமல் போயிற்று. லயன் 1990களின் கடைசியில் கொழும்புக்குப் பக்கத்துப் பியகமவுக்கு இறங்கி வந்தது.

யுனைடெட் புருவரீஸின் ஆலை ஒன்றும் நமக்கு வெகு அருகில், பூந்தமல்லி தாண்டித் திருவள்ளூர் போகிற வழியில் அரண்வாயலில் இருக்கிறது. கடைக்கு வருவதென்னவோ மஞ்சள் லாகர் பீர்தான். லாகர் ஈஸ்டில் ஸ்டவுட் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட் அதில்தான் நுரைக்கிறது. அரண்வாயலில் தொட்டி இருக்கிறது, குளிர் இருக்கிறது. நாலு மூட்டை சாக்லேட் மால்ட் இறக்க யாருக்காவது மனசு வர வேண்டும்.