முகத்தைப் பார்த்துப் படிக்கும் பிள்ளைகள்: ஜான் ஹோல்ட்டை மீண்டும் வாசித்தல்

எங்கள் வீட்டில் ஞாயிறு காலை பத்து மணி என்பது தமிழ் நேரம். சமையலறை மேசையில் பாடப்புத்தகம் விரிந்திருக்கும். மகள் வாசிப்பாள், நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். ‘பழம்’ என்ற சொல் வந்தால் ‘பளம்’ என்பாள். உடனே நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். புருவம் அசைந்திருந்தால் ‘பலம்’ என்று மாற்றுவாள். மறுபடியும் பார்ப்பாள். மூன்றாவது முறை ஏறக்குறைய சரியாக வரும். நான் ‘வெரி குட்’ என்பேன். இந்த ஏற்பாட்டில் அவள் தேர்ச்சி பெற்றது ழகரத்தில் அல்ல, என் புருவத்தில் என்பது ஒரு பழைய புத்தகத்தை மீண்டும் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் 1964இல் வெளியிட்ட ‘ஹவ் சில்ட்ரன் ஃபெயில்’ என்ற நூல் அது. குழந்தைகள் எப்படித் தோற்கிறார்கள் என்பது அதன் கேள்வி. அதில் ஒரு வகுப்பறைக் காட்சி வருகிறது. கரும்பலகையில் பெயர்ச்சொல், பெயரடை, வினைச்சொல் என்று மூன்று பத்திகள். ஒரு சொல் எந்தப் பத்தியில் சேரும் என்று ஆசிரியை கேட்கிறார். கேட்கும்போதே, தன்னையறியாமல், சரியான பத்தியின் பக்கம் நகர்ந்துவிடுகிறார். பிள்ளைகள் இலக்கணத்தைக் கவனிக்கவில்லை, அவர் நிற்கும் இடத்தைக் கவனித்தார்கள். விடைகள் சரியாக வந்தன. பாடம் நடந்ததாக எல்லோரும் நம்பினார்கள்.

ஹோல்ட் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலில் பணியாற்றியவர். ஆசிரியப் பயிற்சி பெறாதவர். கோட்பாட்டாளரின் மொழி அவரிடம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வகுப்பில் கண்டதை அன்றன்று எழுதிய குறிப்புகள்தான் நூலாயின. ஒரு சிறுமி தான் எழுதிய சொல்லைத் திரும்பிப் பார்க்கவே மறுக்கிறாள். பார்த்தால் தவறு தெரிந்துவிடுமே என்ற பயம். இன்னொருத்தி பேசாமல் இருந்தே கேள்வியை மேலும் மேலும் எளிதாக்கவைத்து, கடைசியில் ஆசிரியரையே கணக்கைப் போடவைத்துவிடுகிறாள். இவர்கள் மந்தமான பிள்ளைகள் அல்லர். பயந்த பிள்ளைகள். தங்கள் புத்தியைப் பாடத்தில் செலவிடாமல் தப்பிப்பதில் செலவிட்டவர்கள்.

1982இல் இந்நூலின் திருத்திய பதிப்பு வந்தது. பழைய பத்திகளை அவர் அழிக்கவில்லை. அவற்றின் இடையிடையே புதிய குறிப்புகளைச் சேர்த்து, பல இடங்களில் தன்னையே மறுத்தார். பதினெட்டு ஆண்டு பழைய நிரலைத் திறந்து, ‘இங்கே நான் தவறு செய்தேன்’ என்று எல்லோரும் பார்க்க எழுதிவைக்கும் ஒருவரை என் தொழிலில்கூட அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஹோல்ட்டின் மேல் எனக்கு மரியாதை பிறந்தது அந்தக் குறிப்புகளால்தான்.

1964இல் பள்ளியைச் சீர்திருத்த முடியும் என்று நம்பியவர், எழுபதுகளில் அந்த நம்பிக்கையை இழந்தார். 1977இல் ‘குரோயிங் வித்தவுட் ஸ்கூலிங்’ என்ற இதழைத் தொடங்கினார். 1981இல் ‘டீச் யுவர் ஓன்’ வந்தது. ‘அன்ஸ்கூலிங்’ என்ற சொல் இந்த வழியில்தான் பரவியது. பள்ளியை வீட்டுக்குக் கொண்டுவருவதை அது குறிக்கவில்லை. கால அட்டவணை கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. அம்மாவும் அப்பாவும் ஆசிரியராக வேடம் போட வேண்டியதில்லை. பிள்ளையை நம்பு, உன் உலகத்தை அதற்குத் திறந்துவிடு, கேட்டால் உதவு. இவ்வளவுதான்.

அதே 1981இல்தான் ஜப்பானில் ‘டோட்டோ-சான்’ வெளியானது. தமிழில் அந்த நூலை நாம் எவ்வளவு கொண்டாடினோம்! ரயில் பெட்டிகளில் வகுப்பு, மணிக்கணக்கில் ஒரு சிறுமியின் பேச்சைக் கேட்கும் தலைமையாசிரியர். நாம் அதை நேசித்ததற்கு ஒரு காரணம், அது நம்மிடம் எதையும் கேட்கவில்லை என்பது. நல்ல பள்ளி ஒன்று கிடைத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதலோடு மூடிவைத்துவிடலாம். ஹோல்ட் அந்த ஆறுதலைத் தருவதில்லை. பள்ளியை விட்டுவிட்டு நம் வீட்டுக்குள் வந்து, நம் முகத்தைக் காட்டுகிறார்.

ஆனாலும் அவரிடம் எனக்கு மூன்று வழக்குகள் உண்டு.

முதலாவது, சான்றுகள் பற்றியது. ‘டீச் யுவர் ஓன்’ பெரிதும் பெற்றோர் எழுதிய கடிதங்களால் ஆனது. நன்றாக நடந்தவர்கள் கடிதம் எழுதுவார்கள். நடக்காதவர்கள் சத்தமில்லாமல் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருப்பார்கள். அவர்களுடைய கடிதம் புத்தகத்தில் இருக்காது.

இரண்டாவது, அந்தச் சுதந்திரத்துக்கான விலையை யார் கொடுப்பது என்பது. ஹோல்ட்டுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை விரும்பியதை விரும்பிய நேரத்தில் கற்க வேண்டுமென்றால் வீட்டில் எந்நேரமும் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாதான். இரண்டு சம்பளத்தில் வீட்டுக்கடன் கட்டும் குடும்பத்தில் ‘நம்பிக்கை’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் வேலை போயிருக்கும். சட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நான் வாழும் இங்கிலாந்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் கற்பிக்கலாம். ஜெர்மனியில் இருக்கும் வாசகருக்கு, மிக அரிதான விதிவிலக்குகள் தவிர, அந்த வாசல் மூடியிருக்கிறது.

மூன்றாவது, நம்மைப் பற்றியது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் என்னைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்தது. அந்தப் பட்டம்தான் என்னை விமானம் ஏற்றியது. விசா அதிகாரி என் ஆர்வத்தைக் கேட்கவில்லை, சான்றிதழைக் கேட்டார். சொந்த நாட்டில் யேல் பட்டத்தோடு நின்றவர் காகிதத்தை அலட்சியப்படுத்தலாம். வந்த நாட்டில் காகிதத்தால் மட்டுமே மனிதனாகக் கணக்கில் வந்தவன் அதைச் செய்யத் தயங்குவான். இந்தத் தயக்கத்தைப் பேராசை என்று ஒதுக்குவது நியாயமில்லை. அது ஓர் அகதியின் பயத்துக்கும் ஒரு கடனாளியின் கணக்குக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இந்த வழக்குகளை எல்லாம் அடுக்கிவைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சென்ற ஆண்டு மகள், “அப்பா, இனிமே தமிழ் கிளாஸ் வேண்டாமே” என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. கேட்டுவிட்டு வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள்.

ஹோல்ட்டின் வாதத்துக்கு அடித்தளமே மொழிதான். எந்தக் குழந்தைக்கும் யாரும் பாடம் நடத்திப் பேசக் கற்றுத்தரவில்லை, சுற்றியிருப்போர் பேசுவதைக் கேட்டுத் தானே கற்கிறது என்பார். உண்மை. ஆனால் எந்த மொழியை? புலம்பெயர்ந்த வீட்டில் பிள்ளையைச் சும்மா விட்டால் அது கற்பது ஆங்கிலத்தை. நாம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தெரு கட்டாயப்படுத்தும், தொலைக்காட்சி கட்டாயப்படுத்தும், தோழிகள் கட்டாயப்படுத்துவார்கள். பெரும்பான்மை மொழிக்குள் பிறந்த ஹோல்ட்டுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. நம் வீட்டுச் சுதந்திரத்துக்குள் வெளியுலகின் பாடத்திட்டம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் கட்டாயம்தான் வழியா? இங்கேதான் ஹோல்ட்டின் இன்னொரு நூல் எனக்கு உதவியது. 1978இல் வந்த ‘நெவர் டூ லேட்’. நாற்பது வயதில் செல்லோ வாத்தியம் கற்கத் தொடங்கிய கதை. கல்வி நூல்களின் பட்டியலில் பலர் இதைச் சேர்ப்பதில்லை. என் பார்வையில் மற்ற நூல்களுக்குத் திறவுகோல் இதுதான். பெரியவர்கள் உண்மையாக, தங்களுக்காகச் செய்யும் காரியத்தின் அருகில் பிள்ளை இருக்க வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை, இங்கே தானே செய்து காட்டுகிறார்.

என் வீட்டில் தமிழில் நடந்த உண்மையான காரியம் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். ‘சாப்பிடு’, ‘தூங்கு’, ‘வாசி’. கட்டளைகள் மட்டும். நானும் என் மனைவியும் முக்கியமானதைப் பேசும்போது, சண்டை போடும்போதுகூட, ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறோம். நான் தமிழில் ஒரு நாவலை முடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்கே தேவைப்படாத ஒன்றை அவள் விரும்ப வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

தமிழ் வகுப்பை நிறுத்தினோம். பள்ளியை நிறுத்தவில்லை, அந்தத் துணிவு எங்களுக்கு இல்லை. மதுரையில் என் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. தினமும் மாலை வாட்ஸ்அப்பில் அழைத்து, அவருக்குப் பிடித்த பழைய தொடர்கதை ஒன்றை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டத் தொடங்கினேன். நான் தடுமாறும்போது அம்மா திருத்துவார். மகள் அதே அறையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளைக் கூப்பிட்டதில்லை. மூன்றாவது மாதத்தில் ஒருநாள், வேலை முடிந்து வரத் தாமதமாகிவிட்டது. “ஆச்சிக்கு இன்னைக்கு வாசிக்கலையா? அந்த அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போனாங்களா இல்லையா?” என்று கேட்டாள்.

ஆங்கிலம் பாதி, தமிழ் பாதியாகத்தான் கேட்டாள். ழகரம் இன்னும் வரவில்லை. இதை வெற்றிக் கடிதமாக எழுதினால் நான் ஹோல்ட்டிடம் கண்ட குறையையே செய்தவனாவேன்; நாளைக்கே அவள் ஆர்வம் இழக்கலாம், நான் மீண்டும் பாடப்புத்தகத்தை விரிக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஹோல்ட்டைப் படிப்பவர்களுக்கு அவர் பாதி வழிதான் துணை வருவார். வீட்டில் நாம் எத்தனை முறை தேர்வாளராக இருக்கிறோம், எத்தனை முறை வெறும் மனிதராக இருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கப் படிப்பவர்களுக்கு, 1964இன் அந்தக் குறிப்புகள் இன்றும் கூர்மையாகவே இருக்கின்றன.